பெர்மிட் வரும்வரை மூச்சு விடாதே

போன ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சி விமான நிலையத்தில் இருந்தேன். நான் எங்கும் போகவில்லை. வழியனுப்பப் போனவன்.

வழியனுப்புவது என்றால் நம் ஊரில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். போகிறவர் ஒருவர். வந்திருப்பவர்கள் ஒரு வேன். ரெஜினா என்கிற அந்தப் பெண்ணுக்காக மேலப்புதூரிலிருந்து அவள் அம்மா, சித்தி, மாமா, மாமா பிள்ளைகள், பக்கத்து வீட்டு டீச்சர்... எல்லோரும் ஒரு தள்ளுவண்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். பெட்டியின் எடையைப் பற்றி விவாதம்.

"கூடிருச்சுன்னா முறுக்கை எடுத்துரு."

"முறுக்கை எடுக்க மாட்டேன். ஸ்வெட்டரை வேணா எடுக்கிறேன்."

"அயர்லாந்துக்குப் போறவ பேசுற பேச்சா இது?" என்று அம்மா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார்.

கொஞ்சம் தள்ளி மலர் நின்றிருந்தாள். கையில் ரெஜினாவின் கைப்பை. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த விமானத்தில் அவளும் ஏறியிருக்க வேண்டியவள். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. சேர்ந்து ஒரு வீடு எடுத்துக்கொள்வது என்றுகூடப் பேசி வைத்திருந்தார்கள். அவள் ஏறவில்லை. காரணம் நான்.

இந்தப் பக்கத்தில் நெடுங்காலமாக மற்றவர்களின் அசட்டுத்தனங்களைப் பற்றி எழுதிவருகிறேன். இந்த வாரம் என்னுடையது. அசட்டுத்தனம் என்று சொல்வதே எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் சலுகை. படித்து முடித்துவிட்டு நீங்களே வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

மலர்விழி என் மருமகள். செந்தில், என் ஒரே மகன், ஏழு வருடங்களுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்ததும் தொட்டியத்திலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். "வீடு இருக்கு, வாழை இருக்கு, வாம்மா" என்று கூப்பிட்டார். மலர் போகவில்லை. தில்லைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ. நர்ஸ். வேலை இங்கேதான், அதனால் இங்கேயே இருக்கிறேன் என்றாள். அப்படித்தான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்டில் நாங்கள் இரண்டு பேராகத் தங்கிப்போனோம்.

மாமனாரைப் பார்த்துக்கொள்ள இருந்துவிட்டாள், தங்கமான பெண் — ஊர் அப்படிச் சொன்னது. வேலைக்காகத்தான் இருந்தாள் என்று நான் திருத்தவில்லை. கேட்பதற்கு நன்றாக இருந்தது. சொல்லச் சொல்ல அது அவளுக்குக் கடமையாகிக்கொண்டே வந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் திருத்தியிருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

டியூட்டி முடிந்ததும் நர்ஸ்களுக்கான ஆங்கில வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். ரெஜினா அங்கே கிடைத்த தோழி. வேறொரு மருத்துவமனையில் வேலை. வெளிநாட்டுக்கான ஆங்கிலப் பரீட்சையில் முதல் தடவை மலர் எழுத்துத் தாளில் கோட்டைவிட்டாள். அடுத்த தடவைக்கு அவள் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தவன் நான்தான். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு அதைவிட வேறென்ன சந்தோஷம்? தேறிவிட்டாள். ஸ்வீட் வாங்கி வந்தேன். பரீட்சை எழுதுவது வேறு, போவது வேறு என்று மனதுக்குள் தள்ளி வைத்திருந்தேன்.

ஒருநாள் கேட்டேன். "எதுக்கும்மா அவ்வளவு தூரம்?"

"இங்க நான் பாவம் மாமா."

"என்ன பாவம்?"

"லிஃப்ட்ல ஏறினா பாவம். கல்யாணத்துக்குப் போனா பாவம். சிரிச்சா, பரவாயில்ல தேறிட்டா, பாவம். அங்க போனா நான் நர்ஸ். அவ்வளவுதான்."

நான் பேப்பரைத் திருப்பினேன்.

சில மாதங்களுக்கு முன் வேலை உறுதியானது. வொர்க் பெர்மிட் என்றால் நாம் போய் வரிசையில் நின்று வாங்குவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்கு அப்படி இல்லையாம். வேலை கொடுக்கிற கம்பெனிதான் தங்கள் அரசாங்கத்திடம் விண்ணப்பிக்கும் — இந்தப் பெண் எங்களுக்கு வேண்டும், அனுமதி கொடுங்கள் என்று. அந்த அனுமதி வந்த பிறகுதான் விசா. ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்னால் கம்பெனி ஒன்று செய்யும். இப்போது வேலை பார்க்கிற இடத்தின் மேலதிகாரிக்கு மெயில் அனுப்பி, இவர் உங்களிடம் இருக்கிறாரா, எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கும் — ரெஃபரன்ஸ் என்கிறார்கள். பதில் அங்கிருந்து நேராகப் போக வேண்டும். நாம் வாங்கி அனுப்புகிற சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பில்லை.

மலரின் மேலதிகாரி ஸ்டெல்லா மேடம். நர்சிங் சூப்பரின்டென்டென்ட். மலரை வேலைக்கு எடுத்தவர், ஐ.சி.யூ.வுக்குப் பழக்கியவர்.

"நாளைக்கு மேடம்கிட்ட சொல்லிடறேன் மாமா. மெயில் வரும்னு."

"இப்ப எதுக்கு? பெர்மிட் கைக்கு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத."

"ஏன்?"

"கண்ணு பட்டுடும்."

மலர் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்களா மாமா சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. நடுரோட்டில் உடைக்கிற திருஷ்டிப் பூசணிக்காயில் வழுக்கி விழுந்தவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் கிண்டலாக எழுதியவன் நான். கடை வாசல் எலுமிச்சம்பழம், புது வீட்டுக்கு முன் தொங்கும் பூத பொம்மை... ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. ஆனாலும் முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் சொன்னேன்: "எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆனா ஊர் வாய் இருக்கே... ஆஸ்பத்திரில ஒருத்தி பொறாமையில எதையாவது கிளப்பி விட்டா?"

இது நம் ஊரில் எடுபடும் பேச்சுதான். எங்கள் ஃப்ளாட்டில் இரண்டாம் மாடிப் பிள்ளை மாதக்கணக்கில் கண்ணில் படவில்லை. பெங்களூரில் டிரெய்னிங் என்றார்கள். ஒருநாள் அவன் அம்மா செல்போனை நீட்டினார். பனிக்கு நடுவே நிற்கிறான் — போலந்தில். "வேலை நிலைச்சதும் சொல்லலாம்னு இருந்தோம் சார். தப்பா எடுத்துக்காதீங்க." நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கர்ப்பத்தைக்கூட மூன்றாம் மாதத்தில் சொல்லிவிடுகிறோம். விசாவைச் சொல்வதில்லை. எத்தனையோ பேருக்குக் கடைசி நேரத்தில் கைநழுவிப் போயிருக்கிறது, 'போகலையா இன்னும்?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. அந்தப் பயத்துக்குத் திருஷ்டி என்று பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மலரும் அதே ஊர்க்காரிதானே? அரை மனதோடு சரி என்றாள். ரெஜினாவிடமும் வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ரெஜினா வீட்டில் நேரெதிர். அவள் தன் மருத்துவமனையில் முதல் நாளே சொல்லிவிட்டாள். கோயிலில் ஜெபத்துக்குச் சொல்லி, தெருவுக்கே தெரிந்து, ஆளாளுக்கு அயர்லாந்தில் என்ன குளிர் என்று அவளுக்கே வகுப்பு எடுத்தார்கள். அவளுடைய ரெஃபரன்ஸுக்கு உடனே பதில் போயிற்று.

மலருடையதற்குப் போகவில்லை.

கம்பெனியிலிருந்து ஒரு நினைவூட்டல் வந்தது. "மேடம் பிஸியா இருப்பாங்க" என்றேன். இரண்டாவது வந்தது. "கேட்டா சந்தேகம் வரும், பொறு" என்றேன். மூன்றாவது நினைவூட்டல் இல்லை, கெடு. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அதைப் படித்தது வியாழக்கிழமை மாலை.

மலர் டியூட்டியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "நாளைக்குக் காலைல போய் மேடம் கால்லயே விழுந்துடறேன்" என்றாள்.

"நானும் வரேன்."

"நீங்க எதுக்கு மாமா?"

"சொல்லாதன்னது நான்தானே?"

வெள்ளிக்கிழமை காலை இருவரும் சத்திரம் பஸ் நிலையம் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து தில்லைநகர் போனோம். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. மலர் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

ஸ்டெல்லா மேடத்துக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். சிறிய அறை. மேஜையில் டியூட்டி ரோஸ்டர். மலர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு தடவை வந்துச்சு. அழிச்சுட்டேன்."

"மேடம்..."

"இப்பத்தான் நாளுக்கு நாலு டுபாக்கூர் மெயில் வருதே. எவனோ உன் பேரை வெச்சு விளையாடறான்னு நெனச்சேன். ஏன் தெரியுமா? மலர் போறதா இருந்தா என்கிட்ட சொல்லாம போகமாட்டா. அந்த நம்பிக்கையில அழிச்சேன்."

மலர் தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழுந்து நின்றேன். பேராசிரியராக இருந்த காலத்தில் மாணவர்கள் என் முன்னால் இப்படித்தான் நிற்பார்கள்.

"தப்பு என்னோடது மேடம். யாருக்கும் சொல்ல வேணாம்னு நான்தான்..."

"ஏன் சார்?"

"கண்ணு... பட்டுடும்னு."

"யார் கண்ணு? என் கண்ணா?"

அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சர் ஒன்று போகிற சத்தம். மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பூசணிக்காய் பத்தி எழுதினது நீங்கதானே சார்? மலர்தான் கொண்டுவந்து காட்டினா. எங்க மாமனார் எழுதினதுன்னு. நர்சஸ் ரூம்ல ஒட்டி வெச்சிருந்தோம். விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"ஆமாம், நான்தான்" என்றேன்.

"இவ போறது எனக்குப் பிடிக்கல. ஐ.சி.யூ.வுக்கு இந்த மாதிரி கை இனிமே எங்க தேடுவேன்? ஆனா கேட்டிருந்தா அன்னைக்கே எழுதியிருப்பேன் சார். என்கிட்ட இருந்து போனவங்க எல்லாருக்கும் நான்தான் எழுதினேன்." மலர் பக்கம் திரும்பினார். "இப்ப நானே நெனச்சாலும் இன்னைக்கு முடியாது. வெளிநாட்டுக்கு எது போனாலும் நிர்வாகி பார்த்துட்டுத்தான் போகணும். அவர் ஊர்ல இல்ல. திங்கக்கிழமை வராரு. போன்ல கேட்டுப் பார்க்கிறேன். எடுக்கிறாரான்னு பார்ப்போம்."

எடுக்கவில்லை. பதில் திங்கட்கிழமைதான் போயிற்று. நல்ல பதில், மலர் பிறகு காட்டினாள். தன் பெண்ணைப் பற்றி ஒரு தாய் எழுதியது போல் இருந்தது. அதற்குள் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. ரெஜினாவுக்கு மட்டும் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத எனக்கு இவ்வளவு கூச்சம் இருந்திருக்காது. ஊர்ப் பழக்கம், வயசானவர், பயந்துவிட்டார் — மன்னிக்கலாம். மலரும் அப்படித்தான் மன்னித்திருந்தாள். "விடுங்க மாமா, நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றாள்.

அந்த வார்த்தையைத்தான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. நல்லதுக்கு நான் சொல்லவில்லை.

மலர் போகிறாள் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? 'அப்ப நீங்க தனியாவா சார்?' அந்தக் கேள்வியை யாரும் கேட்காதவரை நானும் அதற்குப் பதில் யோசிக்க வேண்டாம். யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் நடக்காமலே போய்விடலாம். மெயிலுக்குப் பதில் வரவில்லை என்று அவள் சொன்னபோதெல்லாம் வாய் 'அடடா' என்றது. வயிற்றுக்குள் ஒரு நிம்மதி இறங்கியது. அந்த நிம்மதி எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் "பொறு" என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இதை அப்படியே அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"போகாதன்னு சொல்லியிருக்கலாமே மாமா."

"சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கும்மா?"

"உரிமை இல்லன்னுதான் இப்படியா?" குரல் உயரவில்லை. "போகாதன்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். இல்ல, அழுதிருப்பேன். ஒருவேளை நின்னுகூட இருப்பேன். அது நான் எடுக்கிற முடிவு. பேசாதன்னு சொன்னீங்க. அதுல எனக்கு முடிவெடுக்க ஒண்ணுமே இல்ல."

அதற்குப் பிறகு சில நாட்கள் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. "மாத்திரை போட்டாச்சா?" "ஆச்சு." அவ்வளவுதான். கோபத்திலும் மாத்திரையை மறக்கவில்லை. அது எனக்குத் தண்டனையாகத்தான் இருந்தது.

வீட்டில் ஒருவரைப் போக விடாமல் வைத்திருக்க யாரும் கதவைப் பூட்டுவதில்லை. மாலையில் சீக்கிரம் வந்துடு என்போம். உன் நல்லதுக்குத்தான் என்போம். இப்ப வேணாமே, பொறு என்போம். எல்லாம் அன்பான வார்த்தைகள்தான். என்னைப் போல் படித்தவனுக்கு அவை இன்னும் சுலபமாக வாயில் வரும்.

மலர் விடவில்லை. அதே கம்பெனிக்கு மறுபடி எழுதினாள். பதில் தாமதமானதற்குத் தன் தரப்பில் நடந்த தவறுதான் காரணம் என்று எழுதினாளே தவிர, என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வேறொரு முதியோர் இல்லத்தில் இடம் இருக்கிறது என்றார்கள். மேற்குக் கடற்கரையில் ஒரு சிற்றூர். ரெஜினா இருக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் அரைநாள் பயணம். ஸ்டெல்லா மேடம் இந்த முறை மெயில் வருவதற்கு முன்பே நிர்வாகியிடம் சொல்லி வைத்திருந்தார். கம்பெனி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டது. காத்திருக்கிறோம்.

விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன் ரெஜினா மலரைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, நீங்க வர்ற அன்னைக்கு ஏர்போர்ட்ல நான் வந்து நிப்பேன்."

"நான் வர்றேன்னு உனக்கு லீவு குடுத்துருவாங்களா? போ, பாஸ்போர்ட்டைக் கையில வெச்சுக்க."

பழக்கமில்லாத ஊரில், முதல் குளிர்காலத்தில், ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்க வேண்டியவர்கள். இதை எந்த பெர்மிட்டும் இனி திருப்பிக் கொடுக்காது. நான் கெடுத்தது ஒரு தேதியை மட்டும் இல்லை.

ரெஜினா கண்ணாடிக் கதவுக்குள் போனதும் திரும்பினோம். ஆட்டோவில் வரும்போது அவளிடம் சொன்னேன். "மலர், நீ போறது எனக்குப் பிடிக்கல. பயமா இருக்கு."

"சரி மாமா."

கொஞ்ச தூரம் போன பிறகு, "இப்ப சொன்னீங்க பாருங்க, இது நல்லா இருக்கு" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் போறேன் மாமா" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

அன்றைக்கே ஃப்ளாட்டில் எல்லோருக்கும் சொல்லத் தொடங்கிவிட்டாள். நான் பயந்த கேள்வி வந்தது. இந்த ஒரு வாரத்தில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணவில்லை. "அப்ப நீங்க தனியாவா சார்?" ஆமாம், தனியாகத்தான். சொல்லிப் பார்த்தேன், சொல்ல முடிகிறது. இஸ்திரி போடுகிறவர் மட்டும் கொஞ்சம் கவலைப்பட்டார். "அப்ப இனிமே யூனிஃபார்ம் இல்லையா சார்? உங்க சட்டை மட்டும்தானா?"

முந்தாநாள் லிஃப்டில் மேல்மாடி அம்மாள் ஆரம்பித்தார். "மாமனாரை இந்த வயசுல விட்டுட்டா போற?"

"ஆமாங்க, விட்டுட்டுத்தான் போறேன்" என்றாள் மலர்.

'நான்தான் போகச் சொன்னேன்' என்று எனக்கு நுனி நாக்குவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நல்ல பெயர் கிடைத்திருக்கும். பெருந்தன்மையான மனுஷன் என்று மேல்மாடி முழுக்கப் பேச்சாகியிருக்கும். அடக்கிக்கொண்டேன். நான் சொல்லவில்லையே. அவளாகத்தான் போகிறாள்.

இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க மாமா. மருமகள்னு ஒரு தடவை போட்டா போதும். மத்த இடத்துல எல்லாம் நர்ஸ்னு போடுங்க" என்றாள். முடிந்தவரை போட்டிருக்கிறேன்.

பெர்மிட் இன்னும் வரவில்லை. அதற்குள் ஃப்ளாட்டுக்குச் சொல்லியாயிற்று, தொட்டியத்துக்குச் சொல்லியாயிற்று, இப்போது உங்களுக்கும் சொல்லியாயிற்று. யார் கண்ணாவது படுமென்றால் படட்டும்...

என் கண் பட்டதைவிடவா?